கேட்டால் மட்டும் சொல்வது

போன வாரம் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். வயதாக ஆகக் கோயிலைவிட இந்தக் கடைக்குத்தான் அதிகம் போக வேண்டியிருக்கிறது. மனைவி எழுதிக் கொடுத்த சீட்டில் கடுக்காய்த்தூள் நூறு கிராம் என்று இருந்தது. கடைக்காரர் டப்பாவின் மூடியைத் திறந்தார். அந்தத் துவர்ப்பு வாடை மூக்கில் ஏறியதுதான் தெரியும், அதற்குப் பிறகு நான் அங்கே இல்லை. "வேற என்ன சார்?" என்று அவர் மூன்று தடவை கேட்டாராம். பக்கத்தில் நின்ற பெண்மணி என் தோளைத் தட்டித்தான் என்னைத் திரும்பக் கொண்டுவந்தார்.

உங்களுக்குக் கடுக்காய் மருந்து. எனக்கு அது தோல் ஷாப்பு. ஆட்டுத்தோல் பதனிடும் இடத்தைத் திண்டுக்கல்லில் அப்படித்தான் சொல்லுவோம். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் ஊறிய தண்ணீர், சுண்ணாம்புத் தொட்டி, காயப்போட்ட தோல் எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. தொண்ணூறுகளில் அப்படி ஒரு ஷாப்பின் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். தினமும் வடமதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். சாயங்கால பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். என் மரியாதைக்காக என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான மூன்றாம் நாள் என் மனைவி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு நாறுதே, யாருமே சொல்லலியா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை.

அந்த வாடைக்குள்தான் சவரிமுத்து இருந்தான். சரக்கு அனுப்பும் பிரிவில் கிளார்க். என்னைவிட ஒரு வயது இளையவன். நல்ல உயரம், ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். மரியநாதபுரத்தில் வீடு. அவன் மனைவி ரோசலி என்னை முதல் நாளே அண்ணே என்று கூப்பிட்டுவிட்டதால் அவன் எனக்கு மாப்ளை ஆனான், நான் அவனுக்கு மச்சான் ஆனேன். ரோசலி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்துவிடும் வெஞ்சனத்தில் பாதி எனக்கு என்று எழுதாத சட்டம் இருந்தது. நான் கொண்டுபோகும் புளிச்சோற்றில் பாதி அவனுக்கு. இந்தப் பண்டமாற்றில் நஷ்டப்பட்டவன் அவன்தான், ஆனாலும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

சாப்பிட்டு முடித்தால் மணி இரண்டு வரைக்கும் குறுக்கெழுத்து. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் அது இருக்கும். சாதாரணக் குறுக்கெழுத்து இல்லை. 'ராமனின் தம்பி' என்று கேட்டு லட்சுமணனை வாங்கிக்கொள்ளும் வேலையெல்லாம் அதில் கிடையாது. குறிப்பு ஒன்றைச் சொல்லும், விடை வேறெங்கோ ஒளிந்திருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக் கடைக்குப் பத்திரிகை வரும். சவரி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வான். வெள்ளிக்கிழமை மதியம் வரைக்கும் அந்தப் பக்கத்தை அவனும் திறக்க மாட்டான். அந்த விஷயத்தில் அவனை நம்பலாம். என்னை நம்ப முடியாது என்பதால்தான் பத்திரிகை அவன் பைக்குள் இருந்தது.

எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன். 'தாத்தா மரைக்காயர் வீட்டுக்குள் பூத்தது, மூன்று எழுத்து.' நான் கண்ணை மூடினால் ஒரு பெரிய வீடு, முற்றம், சாய்வு நாற்காலியில் ஒரு தாத்தா, ஓரத்தில் ஒரு பூச்செடி எல்லாம் தெரிந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரனுக்குப் பூ என்றால் மல்லிதானே. மூன்று எழுத்து. பேனாவால் எழுதிவிட்டேன். மேலிருந்து கீழே வரவேண்டிய மூன்று சொற்கள் அதனால் நாசமாகிப் போயின. சவரி நிதானமாகச் சொன்னான்: "மச்சான், வீட்டையும் மறந்துரு, தாத்தாவையும் மறந்துரு. எழுத்த மட்டும் பாரு. தாத்தாவோட கடைசி எழுத்து என்ன? தா. மரைக்காயர்ல மொத ரெண்டு எழுத்து? சேத்து வாசி." தாமரை. அந்த வீட்டுக்குள்ளேயே மலர்ந்து கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் மேஜையை ஓங்கித் தட்ட, டைப்ரைட்டரின் மணி தானாக அடித்தது.

சத்தம் கேட்டு முதலாளி எட்டிப் பார்த்தார். ராவுத்தர், நல்ல மனிதர். நாங்கள் கட்டம் போடுவதை அவர் ஜோசியக் கணக்கில்தான் வைத்திருந்தார். "என்னப்பா, கட்டம் பாத்தாச்சா? நம்ம ஷாப்புக்கு எப்ப நல்ல காலம்?" என்பார். அன்றைக்குக் குறிப்பைப் படித்துக் காட்டினோம். "மரைக்காயரு கீழக்கரைப் பக்கத்து ஆளுல்ல? அவருக்கு இங்கென்னப்பா ஜோலி?" என்று கேட்டுவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

இந்த இடத்தில் எங்களுக்குள் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆரம்பத்தில், விடை தெரிந்ததும் நான் கத்திவிடுவேன். அது என் சுபாவம். ஒரு வெள்ளிக்கிழமை அவன் ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். உதடு அசைகிறது, விரலால் காற்றில் எழுதுகிறான். கிட்டத்தட்டப் பிடித்துவிட்டான். நான் போய்ச் சொல்லிவிட்டேன். அவன் பென்சிலை மேஜைமேல் வைத்தான். "திங்குற சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே மச்சான்" என்றான். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெஞ்சனமும் வரவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஆளுக்கொரு தாளில் கட்டத்தை வரைந்துகொள்வது. யார் முதலில் கண்டுபிடித்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. பத்திரிகையில் அந்தக் குறிப்பின் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியது. எனக்குத் தெரியும், நீ கேட்டால் சொல்கிறேன் என்று அதற்கு அர்த்தம். மற்றவன் தோற்றுப்போய் வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்லலாம். கேட்காதவனுக்குச் சொல்வது அவனைக் கேவலப்படுத்துவது. இதை நாங்கள் பெரிய நாகரிகமாக நினைத்தோம். ஏழு வருஷம் இப்படியே நடந்தது. முடித்துவிட்டுக் காத்திருக்கும்போது சவரியின் முகம் ஒருமாதிரி இருக்கும். அவசரம் இருக்காது, கர்வம் இருக்காது. கண் மட்டும் அவ்வப்போது என் பக்கம் வந்து, இன்னும் இல்லையா என்று பார்த்துவிட்டுப் போகும். அந்தப் பார்வை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே பேசுகிற சவரிக்கு ஒரே ஒரு விஷயத்தில் சிரிப்பு வராது. அவன் அண்ணன். சூசை என்று பெயர், சவரிக்குப் பதினைந்து வயது மூத்தவர். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலத்தில் கடலை போடுகிற சம்சாரி. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர் அவர்தான். அவர்கள் அம்மா இறந்தபோது சவரி சரக்கோடு மெட்ராஸ் போயிருந்தான். தந்தி கிடைத்து அவன் ஓடி வருவதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வெயிலைக் காரணம் சொல்லி அடக்கம் செய்துவிட்டார்கள். அண்ணன் தடுக்கவில்லை. அந்த ஒரு காரியத்துக்காக அவன் அண்ணனோடு பேச்சை நிறுத்தினான். நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "இப்ப வேணாம் மச்சான். நான் சொல்றப்ப போ. நீ போனாத்தான் அவரு கேப்பாரு" என்றான். அண்ணனுக்கு என்மேல் பிரியம் உண்டு. இரண்டு தரம் அவர் வீட்டில் கடலை வேகவைத்துத் தின்றிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் அவனுக்கு வயிற்றுவலி வந்தது. முதலில் சோடா குடித்தான், பிறகு சீரகத் தண்ணீர், பிறகு யாரோ சொன்ன கஷாயம். சோறு இறங்காமல் போன பிறகுதான் மதுரைக்குப் போனோம். அவன், ரோசலி, நான். எல்லாச் சோதனையும் முடிந்த அன்று டாக்டர் எங்கள் இருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சவரியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அது வெள்ளிக்கிழமை, அவன் பையில் பத்திரிகை இருந்தது. டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. கணையத்தில் கட்டி, பரவிவிட்டது, ஆறு மாதம் இருந்தால் அதிகம் என்றார். ரோசலி அழவில்லை. அறையை விட்டு வெளியே வரும் முன்பு, கதவின் இந்தப் பக்கத்திலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவருக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாரு. எம்புள்ள மேல சத்தியமாச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். நோயின் பெயர் நோயாளியைத் தவிர எல்லோருக்கும் தெரியும். சத்தியம் செய்தேன். முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டுப் பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தான். "என்ன மச்சான் சொல்றாரு?" என்றான். "அல்சராம். முத்திப்போச்சாம். மாத்திரை ஒழுங்காத் தின்னாச் சரியாயிருமாம்" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். அவன் என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தான். பிறகு குனிந்து, "பதினாலு இடமிருந்து வலம் பாத்தியா? தலை போன பகல் காலை இடறும், ரெண்டு எழுத்து" என்றான். எனக்குப் பகலும் தெரியவில்லை, காலையும் தெரியவில்லை. "சொல்லு" என்றேன். அவ்வளவு சீக்கிரம் நான் தோல்வியை ஒப்புக்கொண்டது அதுவே முதல் தடவை. "பகல்ல தலையெழுத்த எடுத்துரு. கல். நம்ம காலத்தான் இடறுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். ரோசலி தண்ணீர் பாட்டில் வாங்கப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் முதலாளி என்னை மதியமே அனுப்பிவிடுவார். பத்திரிகையை வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல். அவன் படுத்திருக்க, நான் குறிப்பைப் படிப்பேன். நாளாக ஆகப் பென்சில் பிடிக்கும் விரல் மெலிந்து, மோதிரத்தில் நூல் சுற்றிப் போட்டிருந்தான். பிறகு அதையும் கழற்றி ரோசலியிடம் கொடுத்துவிட்டான். நான் வாய் ஓயாமல் பேசுவேன். சரியானதும் பழனிக்குப் போகலாம், பாலசமுத்திரத்தில் என் சித்தப்பா தோப்பில் இளநீர் வெட்டலாம், அடுத்த வருஷம் நாமே ஒரு கட்டம் தயாரித்துப் பத்திரிகைக்கு அனுப்பலாம். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். தலையாட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். அவசரமில்லாமல், அவ்வப்போது. களைப்பு என்று நினைத்தேன். மாத்திரை மயக்கம் என்று நினைத்தேன். ஏழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பார்வை அது. எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை திடீரென்று கேட்டான்: "மச்சான், குஜிலியம்பாறைப் பக்கம் மழ கிழ பெஞ்சுச்சாமா?"

"பெஞ்சுச்சாம் மாப்ள. வடமதுரையில கூட ரெண்டு ஒழவு மழ" என்றேன்.

அடுத்த வாரமும் கேட்டான். கடலை எப்படி என்று கேட்டான். மூன்றாவது வாரமும் மழையைக் கேட்டபோது எனக்கு அண்ணன் ஞாபகம் வராமல் இல்லை. வந்தது. தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் நானாக அண்ணன் பேச்சை எடுத்தால், எதற்கு இவன் இப்போது அண்ணனைக் கூட்டிவரச் சொல்கிறான் என்று யோசிப்பான், யோசித்தால் கண்டுபிடித்துவிடுவான். அவன் மூளை எனக்குத் தெரியாதா? அதோடு, நான் சொல்றப்ப போ என்று சொன்னவன் அவன்தானே. சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். "ஒட்டன்சத்திரத்துல தக்காளி வெல விழுந்து கெடக்காம்" என்று பேச்சை மாற்றினேன். தக்காளியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

டாக்டர் சொன்ன ஆறு மாதத்தில் ஒரு மாதம் பாக்கி இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சவரி இறந்துபோனான். ஆபீஸுக்குப் போன் வந்தது. அண்ணன் வீட்டில் போன் கிடையாது. யாராவது நேரில் போக வேண்டும் என்றார்கள். நான் எரியோடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது அவர் வீட்டு வாசலில் சாக்கை விரித்து விதைக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். என் முகத்தைப் பார்த்து மறுபடி உட்கார்ந்தார். தம்பிக்கு உடம்பு சரியில்லை என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் சொல்லி முடித்ததும் மடியில் இருந்த கடலையை ஒன்று விடாமல் சாக்கில் தட்டிவிட்டு, உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். எரியோடு தாண்டியதும் கேட்டார்.

"தம்பி என்னையக் கேட்டானா?"

கேட்டானா? நான் யோசித்தேன். மழையைக் கேட்டான், கடலையைக் கேட்டான். அண்ணன் என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. ஒரு நல்ல மனிதரிடம் இந்த நேரத்தில் பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு ஒரு கொள்கை வேறு. ஐந்து மாதமாகப் பொய்யைத் தவிர வேறு எதுவும் பேசாதவனுக்கு அந்த பஸ்ஸில் வந்து சேர்ந்த கொள்கை.

"இல்லண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டில் கூட்டத்துக்குப் பின்னால் வேலியோரம் நின்றார். யார் கூப்பிட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. கல்லறையில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவர் போடவில்லை. துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். கல்நெஞ்சு என்று சிலர் பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறைப்பானேன்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து எல்லோரும் போன பிறகு ரோசலி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவருக்குத் தெரியும்ணே" என்றாள்.

"என்னம்மா தெரியும்?"

"எல்லாந்தான். ஆஸ்பத்திரி பெஞ்சுலயே தெரிஞ்சுருச்சாம். ஒங்க மொகத்தப் பாத்ததுமே. ரெண்டாம் மாசம் எங்கிட்டச் சொல்லிட்டாரு. நான் அழுதேன், அவருதான் தேத்துனாரு."

காப்பி டம்ளரை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் அதத்தான் கேட்டேன். மச்சான் நமக்காக அம்புட்டுப் பாடுபட்டு மறைக்கிறான், நானாச் சொன்னா அவனத் தோக்கடிச்ச மாதிரி ஆயிரும், அவனாக் கேக்கட்டும், கேட்டாச் சொல்லுவேன்னாரு. ஒங்களுக்குள்ள அப்பிடி ஒரு பழக்கமாமே? எனக்கு அந்த எழவெல்லாம் தெரியாதுண்ணே. நீங்க அவருகிட்டச் சொல்லக்கூடாதுன்னு நான் ஒங்ககிட்டச் சத்தியம் வாங்குனேன். நான் ஒங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு அவரு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாரு. ரெண்டு ஆம்பளைகளுக்கும் நடுவுல கெடந்து நான்தான் செத்தேன்."

டம்ளரைத் தரையில் வைத்தேன்.

"அவுக அண்ணன நெனச்சு நெனச்சு ஏங்குனாரு. நான் போயி கூட்டியாரவான்னு கேட்டேன். வேணாம், மச்சான் போனாத்தான் அவரு வருவாரு, இந்த வெள்ளிக்கெழம மச்சான் கேட்டுட்டான்னா அனுப்பி விட்டுர்றேன்னாரு. ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் நீங்க எந்திரிச்சுப் போன பெறகு, இன்னைக்கும் கேக்கலன்னு சொல்லிட்டுச் சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. கடைசி வெள்ளி நானே ஒங்க பின்னால தெரு முக்கு வரைக்கும் ஓடியாந்தேண்ணே. சத்தியம் பண்ணிட்டமேன்னு திரும்பிட்டேன்."

அவள் அப்போதுதான் அழுதாள். மதுரையில் அழாத அழுகை எல்லாம் சேர்த்து அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே ஸ்டூலில் ஒரே கட்டிலுக்குப் பக்கத்தில் இருபது வெள்ளிக்கிழமை உட்கார்ந்திருந்தேன். அவன் நான் கேட்கக் காத்திருந்தான். நான் அவன் கேட்கக் காத்திருந்தேன். ஒருவனை ஒருவன் தோற்கடிக்கக் கூடாது என்று இரண்டு பேருமே அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டோம். வேறு எந்தச் சிநேகிதனாக இருந்தாலும், ஒரு படிக்காத ஆளாக இருந்தாலும், "என்னடா மாப்ள, பயமா இருக்கா?" என்று ஒரு தரம் கேட்டிருப்பான். கட்டிப் பிடித்து அழுதிருப்பார்கள், அண்ணனுக்கு ஆள் போயிருக்கும். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. பத்திரிகையில் சரியான விடை எழுதியவர்கள் பட்டியலில் திண்டுக்கல்லிலிருந்து எங்கள் இருவர் பெயரும் வந்திருக்கிறது. அதை வெட்டி வைத்திருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கிழித்துப் போட்டேன்.

அண்ணனிடம் நான் சொன்ன 'இல்லண்ணே' பாக்கி இருந்தது. மறுநாளே போயிருக்க வேண்டும். போகவில்லை. எட்டு மாதம் ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "கேட்டாண்ணே. தெனமும் ஒங்களத்தான் கேட்டானாம். எங்காதுல விழல" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இத அன்னைக்கு பஸ்ஸுலயே சொல்லியிருந்தா, எந்தம்பி மொகத்தக் கிட்டப் போயிப் பாத்திருப்பேனேய்யா. கோவம் தீராமப் போயிட்டான், நம்ம தொட்டா அவனுக்குப் பிடிக்காதுன்னுல்ல வேலியோரம் நின்னேன். மண்ணு கூட அள்ளிப் போடல."

அன்றைக்கே அவரை அழைத்துக்கொண்டு திண்டுக்கல் வந்தேன். கல்லறையில் இரண்டு பேரும் நின்றோம். சிமெண்டு பூசியிருந்தார்கள். கையில் மண்ணை அள்ளியவர் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் செத்த நேரம் நின்றார். பிறகு ஓரத்தில் போட்டார்.

அதெல்லாம் முடிந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தோல் ஷாப்பை மூடிவிட்டார்கள். தொட்டிகள் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ராவுத்தர் எதிர்பார்த்த நல்ல காலம் அவர் மகன்களுக்கு வேறு ஊரில் வந்தது. அந்தப் பத்திரிகையும் நின்றுபோயிற்று. ரோசலி மகளோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள், பண்டிகைக்குப் போன் பண்ணுவாள். கட்டம் இப்போது என் பேரனின் செல்போனில் வருகிறது. ஒரு தொடு தொட்டால் விடையைக் காட்டிவிடும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. நல்லதுதான் என்று சொல்ல ஆசை, வாய் வரவில்லை.

நானும் மாறிவிட்டேன். யாராவது படுத்திருக்கிறார்கள் என்றால் போய் உட்கார்ந்து, என்ன என்று தெரியுமா, பயமாக இருக்கிறதா, யாரையாவது பார்க்க வேண்டுமா என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என் மனைவி வெட்கப்படுகிறாள்.

சூசையண்ணனை மட்டும் வருஷத்துக்கு இரண்டு தரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இரண்டு வருஷம் அவருக்கு ஞாபகம் போய்விட்டது. தன் மகனையே யார் என்று கேட்பார். என்னை மட்டும் எப்படியோ தம்பியோடு சேர்த்து வைத்திருந்தார். வாசலில் என் தலை தெரிந்ததும் முகம் மாறும். பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொள்வார்.

"தம்பி என்னையக் கேட்டானா?"

"கேட்டாண்ணே."

அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி. கண் கலங்கும், துண்டால் துடைத்துக்கொள்வார். கொஞ்ச நேரம் சாந்தமாக இருப்பார். பிறகு திரும்பி அதே கேள்வி. அவர் மகன் சங்கடப்பட்டு, "விடுங்க மாமா, இப்பிடித்தான் அரிச்சுக்கிட்டே இருப்பாரு, பதில் சொல்லாதீங்க" என்பான். நான் சொல்லுவேன். ஒருநாள் மத்தியானத்திலிருந்து நான் பஸ் ஏறும் வரைக்கும் பதினோரு தடவை கேட்டார். பதினோரு தடவையும் அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் சொன்னேன்.

போன ஆடியில் அவரும் போய்விட்டார். மகன் போன் பண்ணினான். உடனே கிளம்பிப் போய், கிட்டத்தில் நின்று முகத்தைப் பார்த்தேன். என் பங்குக்கு ஒரு பிடி மண் போட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை, ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எரியோடு தாண்டியதும் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.